பன்னிரண்டாவது உறை

கதவைச் சாத்தி முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் கைக்குட்டையைத் திருப்பி மடித்து மறுபடியும் நெற்றியைத் துடைத்தார்.

“பதறாதீங்கண்ணே. உள்ள இருக்கறவரு கைராசிக்காரரு. எப்படியும் ஒருத்தரைப் பொழைக்க வெச்சுடுவாரு,” என்றார் பக்கத்தில் இருந்த பெண்மணி.

உள்ளே அறுவை சிகிச்சை ஒன்றும் நடக்கவில்லை. அது எட்டு மாதத்துக்கு முன்பே நடந்து முடிந்து, பித்தப்பையைப் பறிகொடுத்தவர் இப்போது இரண்டிரண்டு படியாகத் தாவி மாடி ஏறுகிறார். உள்ளே இருந்தது ஒரு நடுவரும், ஒட்டிய இரண்டு உறைகளும்தான்.

சண்டை இதுதான். அந்த ஆஸ்பத்திரி காப்பீட்டுக் கம்பெனியின் பட்டியலில் இருந்தது. அங்கே வந்து மயக்க மருந்து கொடுத்த டாக்டர் பட்டியலில் இல்லை. மூக்கில் முகமூடியை வைக்கும்போது, “சார், நீங்க பட்டியல்ல இருக்கீங்களா?” என்று நோயாளி விசாரித்துக்கொண்டிருக்க முடியாது அல்லவா? டாக்டர் ஒன்றரை லட்சத்துக்கு பில் அனுப்பினார். முப்பதாயிரத்துக்கு மேல் ஒரு காசு கிடையாது என்றது கம்பெனி.

நோயாளியை இதில் இழுக்கக் கூடாது என்பது சட்டம். அதனால் இரு தரப்பும் நடுவரிடம் வந்தன. இங்கே உள்ள முறை அழகானது. ஆளுக்கொரு தொகையை எழுதி உறையில் போட்டு ஒட்ட வேண்டும். மற்றவர் எழுதியது தெரியாது. நியாயமான தொகை எது என்று நடுவர் தனியாகக் கணக்குப் பார்ப்பார். அதற்கு எந்த உறை பக்கத்தில் இருக்கிறதோ, அந்த உறைக்கே வெற்றி; அதில் எழுதிய தொகையைத்தான் கம்பெனி டாக்டருக்குக் கட்ட வேண்டும். இரண்டையும் கூட்டிப் பாதியாக்க அவருக்கு அனுமதி இல்லை. அப்படி ஒரு வழி இருந்தால் ஒருவர் கோடி கேட்பார், இன்னொருவர் சல்லிக்காசு தருகிறேன் என்பார். வழி இல்லாததால் இரண்டு பேரும் பயந்துபோய், தாங்களாகவே நியாயத்தின் பக்கம் நகர்ந்து வருவார்கள். தோற்றவர் நடுவரின் கட்டணம் ஐயாயிரத்தையும் கட்ட வேண்டும்.

நெற்றியைத் துடைத்தவர் கம்பெனிக்காரர். இதுவரை பதினொரு உறை போட்டு, பதினொன்றிலும் தோற்றவர். அலுவலகத்தில் அவர் பெயரே ‘பதினொண்ணு’ என்று ஆகிவிட்டது. மேனேஜர் சுவரில் ஒரு பலகை மாட்டியிருந்தார். அதில் இரண்டே கட்டங்கள்: ஜெயித்தது, தோற்றது. தொகைக்குக் கட்டம் கிடையாது.

பன்னிரண்டாவதும் போனால் கீழ்த்தளத்துப் பழைய ஃபைல் அறைக்கு மாற்றம் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். ஜன்னல் இல்லாத அறை. பதினொண்ணுக்கோ தூசி பட்டாலே இளைப்பு. போன தடவை ஒரு ஃபைல் தேடி இறங்கியவரை இரண்டு பேர் தாங்கித்தான் மேலே கொண்டுவந்தார்கள்.

முந்தின நாள் மனைவியிடம் புலம்பினார். அவர் துணி மடித்துக்கொண்டே, வழக்கமாக எவ்வளவு எழுதுவீர்கள் என்று கேட்டார். முப்பது, மிஞ்சிப்போனால் நாற்பதாயிரம் என்றார் இவர்.

“ஏங்க, உங்கப்பா வீட்டுச் சொத்தையா எடுத்துக் குடுக்கறீங்க? கம்பெனி காசு. தாராளமா எழுதிட்டு, மூச்சோட வீடு வந்து சேருங்க.”

இவர் தொண்ணூறாயிரம் என்று எழுதி, எச்சில் தொட்டு ஒட்டிவிட்டார்.

பெண்மணி அந்த டாக்டரின் பில் விவகாரங்களைப் பார்ப்பவர். போன மூன்று தடவையும் அதிகம் கேட்டே தோற்றதாகவும், இந்த முறை பேராசை வேண்டாம் என்று டாக்டரே சொல்லிவிட்டதாகவும் பேச்சுவாக்கில் சொன்னார். பதினொண்ணு தலையாட்டினார். இப்படிப் பச்சைப்பிள்ளை மாதிரிப் பேசுகிறவர்கள்தான் ஒரு லட்சத்து நாற்பது எழுதுவார்கள் என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டார்.

கதவு திறந்தது. நடுவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி வந்தார். இதே வேலைக்கு மற்ற டாக்டர்கள் வாங்குவது, நோயாளியின் வயது, மயக்கத்தில் வைத்திருந்த நேரம் எல்லாவற்றையும் பார்த்ததில் தொண்ணூற்றைந்தாயிரம் நியாயம் என்று தனக்குப் பட்டதாகச் சொன்னார்.

“அதுக்குக் கிட்ட இருக்கறது கம்பெனியோட உறை, தொண்ணூறாயிரம். அதனால கம்பெனி ஜெயிச்சுது.”

பதினொண்ணுக்குக் கால் தரையில் பாவவில்லை. அங்கேயே நின்று மேனேஜருக்குப் போன் போட்டார். எவ்வளவு என்று மேனேஜர் கேட்கவே இல்லை. பலகையில் பேனா கீச்சிடும் சத்தம் மட்டும் கேட்டது. ஃபைல் அறைக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

பெண்மணி ஐயாயிரத்துக்குச் செக் எழுதி நடுவரிடம் கொடுத்தார். தொண்ணூறு எப்போது டாக்டர் கணக்குக்கு வரும் என்று மட்டும் விசாரித்தார். முப்பது நாளில் என்றார் பதினொண்ணு.

லிஃப்டுக்காக நிற்கும்போது அந்த அம்மாள் மேல் அவருக்கு இரக்கம் வந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஜெயித்தவருக்கு வரும் இரக்கம்.

“மனசைத் தளர விடாதீங்கம்மா. அடுத்த தடவை கொஞ்சம் பார்த்து எழுதுங்க. அப்படி எவ்வளவுதான் கேட்டிருந்தீங்க?”

“எழுபதுண்ணே,” என்றபடி லிஃப்டுக்குள் நுழைந்தார் அவர். “அடுத்த தடவையும் நீங்களே ஜெயிங்க.”