கடலுக்கு எவ்வளவு மை

சொட்டுச் சொட்டென்று தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. மைக்கட்டியை இழைத்து மையெடுக்கும் கல்லை நனைக்கிறார்கள். பெட்டிக்குள் கிடந்த மைக்கட்டி ஓரமாய் ஒதுங்கிக்கொண்டது. தேய்ந்து தேய்ந்து, அது கட்டைவிரல் அளவுதான் மிச்சமிருந்தது.

"இன்னைக்கு என்னண்ணே?" என்று கல்லைக் கேட்டது.

"கடலாம். நம்ம சீனத்து ஓவியருக்குத் திடீர்னு ஆசை."

"கடலா? அப்ப இன்னையோட என் கதை முடிஞ்சுது."

"போன மாசம் ஒரு மலைக்கே பாதி உடம்பு போச்சு உனக்கு" என்று தூரிகை சீண்டியது. "மிச்சத்தைக் கடலுக்குக் கொடுத்துடு, புண்ணியமாப் போகும்."

ஓவியர் மைக்கட்டியை எடுத்து நாலு சுற்று இழைத்தார். காகிதத்தின் ஓரமாகச் சின்னதாய் ஒரு படகு, அதில் குந்தியிருக்கும் ஒரு செம்படவன். அவ்வளவுதான். தூரிகையைக் கீழே வைத்துவிட்டார்.

"கடல் எங்கண்ணே?"

"படகைச் சுத்தி வெறுமனே விட்டிருக்காரே, அதுதான்."

மைக்கட்டி எட்டிப் பார்த்தது. கரையே தெரியாமல் வெள்ளையாய்க் கிடந்தது கடல். உயிர் பிழைத்த நிம்மதி கொஞ்ச நேரம்தான். பிறகு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டது.

"ரெண்டு அலையாவது போட்டிருக்கலாம். என்கிட்ட மை இல்லாமலா போச்சு?"

கல் சிரித்தது. அதன்மேல் மறுபடி தண்ணீர் சொட்டியது.

"வா தம்பி, ஓரத்துல அவர் கையெழுத்துப் போடணுமாம்."

முனகிக்கொண்டே மைக்கட்டி தேயத் தொடங்கியது.