வெள்ளைமேல் வெள்ளை

சுழல்நாற்காலியில் மேனேஜர். எதிரே, உட்காரச் சொல்லாததால் நின்றபடி டிசைனர். ஓரமாகக் கணினியில் கடிதம் அடிக்கும் நான்.

"என் கையெழுத்துப் படத்த ஜேபெக் ஃபைலா குடும்மா."

"பிஎன்ஜிதான் சார் சரி. ஜேபெக்னா கையெழுத்தச் சுத்தி வெள்ளைக் கட்டம் நிக்கும்."

"வெள்ளைப் பேப்பர்ல வெள்ளைக் கட்டம் எவன் கண்ணுக்குத் தெரியும்? எனக்கே பாடமா? குடுத்துட்டுப் போ!"

அவள் போனதும் என்னிடம் திரும்பினார்.

"அவளுக்கு ஒரு லெட்டர் அடிங்க. மரியாதைக்கு மூணு வரி பாராட்டு. கடைசி வரியில, நாளையிலிருந்து வேலை இல்லன்னு போடுங்க. அதை ஒட்டியே என் கையெழுத்த வைங்க."

வைத்தேன். மேனேஜர் மேதாவி சொன்னது சரிதான். கட்டம் தெரியவில்லை. அதனடியில் மறைந்த கடைசி வரியும் தெரியவில்லை. பாராட்டு மட்டும் பளிச்சென்றிருந்தது.

"முடிஞ்சுதா?"

"நீங்க சொன்னபடியே சார்."

அச்செடுத்து உறையில் போட்டு ஒட்டி, தபாலில் சேர்த்தேன்.