நடுவர் அறை

"இன்னிக்கு அவ ஆடப் போறதில்ல" என்றாள் மார்லிஸ். கையிலிருந்த விசிலைப் பெஞ்சின் மேல் எறிந்தாள்.

உதவிப் பயிற்சியாளர் கீரா நிமிர்ந்து பார்த்தாள். "யாரு, லாரிஸாவா? சஸ்கச்சுவான் மாகாண அணிக்கு ஆள் எடுக்கறவர் காப்பியோட மேல கேலரில வந்து உக்காந்தாச்சு கோச். இந்த முகாம்லயே வேகமான பொண்ணு அவதான்."

"வேகம் இருந்தாப் போதுமா? டீம்னு ஒண்ணு இருக்கில்ல?"

"இந்த ஒரு மேட்சுக்காகத்தான் அவ இவ்வளவு தூரம் வந்திருக்கா."

"அந்த நெனப்பு அவளுக்குல்ல இருக்கணும்?"

வெளியே ஜூலை வெயில். உள்ளே பனித்தளத்தின் குளிருக்கு இருவரும் கம்பளித் தொப்பி போட்டிருந்தார்கள்.

ஐஸ் ஹாக்கி முகாம் தொடங்கிய நாளிலிருந்தே இப்படித்தான். மற்ற பெண்கள் எல்லாரும் பெரிய உடைமாற்றும் அறையில் இருப்பார்கள். பாட்டு, கூச்சல், ஈரக் கையுறை நாற்றம். லாரிஸா மட்டும் நடைவழிக் கடைசியிலிருந்த நடுவர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். மார்லிஸ் பேசி முடித்து, எல்லாரும் தளத்தில் இறங்கிய பிறகு, கடைசி ஆளாக ஓடி வருவாள். என்ன பயிற்சி என்று தெரியாமல் முன்னால் போகிறவளைப் பார்த்துப் பார்த்துச் செய்வாள். அப்படியும் அவளைத்தான் யாராலும் பிடிக்க முடியவில்லை. அது வேறு எரிச்சல்.

வந்த அன்றே எல்லாருக்கும் செல்லப் பெயர் விழுந்துவிட்டது. லாரிஸாவுக்கு விழுந்தது 'மகாராணி'.

"ஒருதடவை அவகிட்ட கேட்டுப் பாத்தீங்களா?" என்றாள் கீரா.

"நான் எதுக்குக் கேக்கணும்? நம்ம ரூம் கதவு திறந்துதானே கிடக்கு? வர வேண்டியது அவ."

மார்லிஸ் பெரிய அறைக்குள் போனாள். யாரோ பாட்டை நிறுத்தினார்கள்.

"உங்க வயசுல எனக்கு இப்படி ஒரு ரூம் கிடையாது" என்று ஆரம்பித்தாள். "எங்க ஊர்ல பொண்ணுங்க டீமே இல்ல. பையங்களோட ஆடினேன். தொடப்பமும் வாளியும் கிடக்கற ரூம்ல தனியா உக்காந்து ஸ்கேட் கட்டினேன். பக்கத்துல அவங்க சிரிக்கறது சுவர் வழியாக் கேக்கும். என்னத்துக்குச் சிரிக்கறாங்கன்னு தெரியாது. அந்த ஆத்திரத்துலதான் இந்த முகாமையே ஆரம்பிச்சேன். இனிமே எந்தப் பொண்ணும் தனியா உக்காரக் கூடாது."

கடைசி வரியை ஷெல்பி என்ற பெண் உதட்டசைவில் கூடவே சொன்னாள். தினமும் கேட்கிறதுதான்.

"அப்ப மகாராணி மட்டும் உக்காரலாமா கோச்?" என்றாள்.

"நம்ம சாக்ஸ் நாத்தம் அவங்களுக்கு ஆகாதுடி" என்றாள் இன்னொருத்தி. அறையே சிரித்தது.

மார்லிஸுக்குக் காது சுட்டது. திரும்பி நடந்தாள். நடுவர் அறைக் கதவை ஒரே தள்ளாகத் தள்ளினாள்.

கதவை ஒட்டிய பெஞ்சில் லாரிஸா உட்கார்ந்திருந்தாள். கவசமெல்லாம் போட்டு, ஸ்கேட்டையும் கட்டி முடித்திருந்தாள். தலைக்கவசம் மடியில் இருந்தது. மார்லிஸைக் கண்டதும் துள்ளி எழுந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"போலாமா கோச்?"

"எங்க போறது? உன் மனசுல என்னதான் நெனச்சிட்டிருக்கே? எங்களோட உக்காந்தா உன் கிரீடம் கழண்டு விழுந்துருமா? நான் அங்க தொண்டை கிழியக் கத்தறேன், நீ இங்க தனி தர்பார் நடத்தறே! இன்னிக்கு நீ ஆடல. எல்லாத்தையும் கழட்டு."

லாரிஸாவின் சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

"நான் தினமும் சீக்கிரமே ரெடியாயிடறேன் கோச்."

"ரெடியானா அங்க வரவேண்டியதுதானே? உன்னை யாரு இங்க வரச் சொன்னது?"

"அரங்கத்தைப் பாத்துக்கறாரே, வென்டல். மொத நாள் அவர்தான் இதோட சாவியக் குடுத்தாரு. எங்க ஊர்ப் பையங்க டீமோட இங்க மேட்சுக்கு வரும்போதெல்லாம் எனக்கு இந்த ரூம்தான். அந்த டீம்ல நான் ஒருத்திதான் பொண்ணு."

"அது பையங்களோட வரும்போது. இங்க இருக்கறதெல்லாம் பொண்ணுங்கதானே? உள்ள வர்றதுக்கு என்ன?"

"கூப்பிடாம எப்படி வர்றது?"

"என்னது?"

லாரிஸா தலைக்கவசத்தின் வாரைத் திருகினாள். "பையங்க எல்லாரும் உடுத்தி முடிச்சதும் ஒருத்தன் வந்து என் கதவைத் தட்டுவான். அப்பறம்தான் நான் அந்த ரூமுக்குப் போகலாம், கோச் பேசறதக் கேக்கலாம். ஒருநாள் தட்டறதுக்கு முன்னாடியே போயிட்டேன். ஒரே கூச்சல். அவங்க அம்மாங்கல்லாம் எங்க அம்மாகிட்ட சண்டைக்கு வந்துட்டாங்க. அதுக்கப்பறம் நானா எங்கயும் போறதில்ல. இங்கயும் கதவுகிட்டயே உக்காந்திருப்பேன். எல்லாரும் வெளிய போற சத்தம் கேட்டாத்தான் ஓடி வருவேன்."

சுவருக்கு அந்தப் பக்கம் ஷெல்பி ஏதோ சொன்னாள். எல்லாரும் சிரித்தார்கள். என்னத்துக்கு என்று இங்கே கேட்கவில்லை.

மார்லிஸின் கை கதவின் பிடியிலேயே இருந்தது.

"உன்னை ஒருத்தருமே வந்து கூப்பிடலையா?" என்றாள்.

லாரிஸா குனிந்து ஸ்கேட் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தாள். இப்போது அவளுக்கும் கோபம் வந்திருந்தது.

"பையங்க ஒருநாள்கூடத் தட்ட மறந்ததில்ல கோச்."