பவுடருக்குக் கீழே

கேபிள்காரர் புதுப் பெட்டியைப் பொருத்தி எச்.டி. சேனலைத் தட்டுகிறார். செய்தி வாசிக்கும் மகளின் முகம் திரை முழுக்கப் பளிச்சென்று விரிகிறது. "புருவ முடியக்கூட எண்ணலாம்மா" என்கிறார் பெருமையாக. பூரித்துப்போன அம்மா நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போடுகிறாள். மகளின் கன்னத்தில், அப்பிய பவுடருக்குக் கீழே, நான்கு விரல்களின் தடம் வரிவரியாகக் கன்றிக் கிடக்கிறது. பழைய சேனலில் இது வெறும் நிழலாகத்தான் தெரிந்திருக்கும். மகளோ சிரித்தபடி மழை நிலவரம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். சோபாவில் ஆடிக்கொண்டிருந்த மாப்பிள்ளையின் கால் சட்டென்று நிற்கிறது. மாமியாரை அசத்த அவரே வாங்கிக் கொடுத்த பெட்டி இது. மெல்ல ரிமோட்டை எடுக்கிறார். "பழைய சேனலே கண்ணுக்கு இதமா இருக்கும், அத்தை." கேபிள்காரர் ஒன்றும் புரியாமல் பேந்தப் பேந்த விழிக்கிறார். அம்மா கையை நீட்டுகிறாள். குரலில் துளி பிசிறு இல்லை. "ரிமோட்ட இங்க குடுங்க, மாப்பிள்ளை." அவள் கண் அவர் விரல்களை விட்டு நகரவில்லை.