பெரட்டில் வந்த பெயர்

கண்டி ஆஸ்பத்திரியில் என் இடது முழங்காலை அறுத்துத் தைத்து ஏழு வருடமாகிறது. உள்ளே அறுந்த நரம்புக்கு என் தொடையிலிருந்தே சதை எடுத்து ஒட்டியதாகப் புருஷன் சடையன் சொன்னார். தொடையில் தழும்பு இல்லை. வலியும் போகவில்லை. சாயங்காலமானால் அவரே எண்ணெய் தேய்த்து, காலை மடக்கி நீட்டிவிடுவார். முழங்காலைப் பார்த்து, "வலிக்குதா புள்ள?" என்பார். எவ்வளவு பாசம் என்று எனக்குக் கண் கலங்கும்.

இன்று காலை தோட்டத்துப் பெரட்டில், கொழுந்து பறிக்க ஆட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட கங்காணி, வாய் தவறி "வேலாயி!" என்றார். எங்கள் லயத்து வீடுகளில் இருந்த வேலாயி, என்னை அறுத்த அன்று பக்கத்துக் கட்டிலில் செத்துப்போனவள். என் இடது கால் மட்டும் முன்னே எட்டி வைத்தது. வலிக்கவே இல்லை.

பக்கத்தில் நின்ற சடையன் திடுக்கிடவில்லை. தலையைக் குனிந்துகொண்டார்.

சாயங்காலம் எண்ணெயோடு வந்து உட்கார்ந்தார்.

"அவகிட்டருந்தா எடுத்தாங்க?" என்று கேட்டேன்.

அவர் எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றிக்கொண்டு முழங்காலையே பார்த்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது: அவர் 'புள்ள' என்பது இந்த முழங்காலைப் பார்த்து மட்டும்தான். மற்ற நேரமெல்லாம் நான் அவருக்கு வெறும் அங்கம்மாதான்.

"வலிக்குதா புள்ள?" என்று குனிந்து கேட்டார்.

அவர் கை படுமுன்பே முழங்கால் மடங்கி, அவர் பக்கம் சாய்ந்தது.