உங்கட வீட்டுல

“பஸ் ஸ்டாண்டுல அவ்வளவு சனத்துக்கு நடுவுல ஒரு ஆம்புளைய விழுத்திப் போட்டு வந்திரிக்காய். வெக்கமா இல்லையா உனக்கு?”

ஷரிபுதீன் சைக்கிளை ஒழுங்காக நிறுத்தக்கூட இல்லை. இருபது வருஷத்துக்கு முன் மாப்பிள்ளையாக வந்து குடியேறிய அந்த வீட்டு வளவின் நடுவில் அது விழுந்து கிடந்தது. கல்முனைச் சந்தையில் சாறன் துணிக்கடை வைத்திருக்கும் மனிதர், பகல் சோற்றுக்கு முன்னமே கடையைச் சாத்திவிட்டுச் சாய்ந்தமருது வரைக்கும் மிதித்து வந்திருக்கிறார் என்றால் விஷயம் சின்னதல்ல.

அவருடைய ஒரே மகள் றாஹிலா கதவடியில் நின்றாள்.

“நான் விழுத்தல்ல வாப்பா.”

“அப்ப மீராமுகைதீன் பொய் சொல்றானா? பஸ் ஸ்டாண்டுல சைக்கிள் கடை வெச்சிரிக்கிறவன், கண்ணால கண்டவன். ‘ஷரிபுதீன் காக்கா, உங்கட வீட்டுல ஒருத்தன்ட கையப் பிடிச்சித் திருகினாங்க பாருங்க, ஆள் நிலத்துல!’ எண்டு கடைக்குள்ள வந்து சிரிச்சிச் சிரிச்சிச் சொல்றான். சாறன் எடுக்க வந்த சனமெல்லாம் என்ட மூஞ்சையப் பாக்குது.”

எண்பத்திரண்டில் கராத்தே என்ற சொல்லே ஊருக்குப் புதிது. கொழும்பிலிருந்து மாற்றலாகி வந்த ஒரு டீச்சர், கல்முனையில் தன் வாடகை வீட்டு முற்றத்தில் சனிக்கிழமைகளில் பொம்பிளைப் பிள்ளைகளுக்கு அதைப் பழக்கினார். மகள் சோறு தின்னாமல் கிடந்து அடம்பிடித்த பிறகுதான் ஷரிபுதீன் தலையாட்டினார். அதற்கும் ஒரு நிபந்தனை போட்டார். உம்மா துணைக்குப் போகவேண்டும், வகுப்பு முடியும்வரை அங்கேயே இருந்து கூட்டிக்கொண்டு வரவேண்டும்.

“நீ இல்லாட்டி ஆரு விழுத்தின?”

றாஹிலா தலை குனியவில்லை. அதுதான் அவருக்கு இன்னும் எரிந்தது. போன வருஷம் வரைக்கும் வாப்பாவின் செருப்புச் சத்தம் கேட்டாலே அறைக்குள் ஓடுகிற பிள்ளை. வீட்டுக்கு வந்தவர்கள் பேர் கேட்டால்கூட உம்மாவின் முந்தானைக்குள் முகத்தைப் புதைக்கிற பிள்ளை. இப்போது கண்ணுக்கு நேரே பார்த்துக் கதைக்கிறது.

“அவன் என்ன செய்தவன் எண்டு கேக்க மாட்டீங்களா வாப்பா? பஸ்ஸுக்குள்ள உரசி உரசி வந்தவன். இறங்கினாப் போல என்ட கையப் பிடிச்சி இழுத்தவன்.”

அந்தப் படுபாவி கையில் கிடைத்திருந்தால் ஷரிபுதீனே அங்கேயே நாலு சாத்துச் சாத்தியிருப்பார். ஆனால் அதை வாய்விட்டுச் சொன்னால் கோபம் இறங்கிவிடும். இவ்வளவு தூரம் வெயிலில் மிதித்துக் கொண்டுவந்த கோபத்தைச் சும்மா விட அவருக்கு மனம் வரவில்லை.

“அதுக்கு? வாப்பாட்ட வந்து சொல்றதுதானே? ஆம்புளையில கை வெக்கிறதா?”

அந்த நேரம் பார்த்து அவருடைய மனைவி சுபைறா குசினியிலிருந்து தேத்தண்ணிக் கோப்பையோடு வந்து நீட்டினாள்.

“இடக்கையால தாறாய்! இஞ்ச எல்லாமே தலைகீழாப் போச்சி.”

சுபைறா கோப்பையைக் கதிரையில் வைத்தாள்.

“உன்னைய எதுக்குத் துணைக்கு அனுப்பின? பிள்ளைய றோட்டுல மல்லுக்கட்ட விட்டுட்டுப் பாத்துக்கிட்டா நிண்டாய்?”

“இல்ல,” என்றாள் சுபைறா.

“ரெண்டு பேரும் கேட்டுக்கங்க. இனிக் கராத்தேயும் இல்ல, கத்தரிக்காயும் இல்ல. அந்த வெள்ளை உடுப்ப அடுப்புல போடு. ஆம்புளையில கை வெச்ச பொம்புள இந்த வளவுக்குள்ள இரிக்க ஏலா. நாளைக்கு விடிய ஒலுவில்ல என்ட ராத்தா வீட்டுக்கு அனுப்பிப் போடுவன். வல்லாஹி!”

தன் அக்கா வீட்டுக்கு அனுப்புவதாகச் சத்தியம் பண்ணிவிட்டார். இனிப் பேச்சில்லை. றாஹிலாவின் கண் நிறைந்தது. வருகிற சனிக்கிழமை அவளுக்கு முதலாவது இடுப்புப் பட்டிக்கான சோதனை. அதற்காக எத்தனை பின்னேரம் கிணற்றடியில் வியர்வை வடியப் பழகியிருந்தாள்! உம்மாவை ஒருதரம் பார்த்தாள். பிறகு, “சரி வாப்பா, நான் போறன்,” என்றாள்.

“நீ எங்கயும் போகத் தேவையில்ல,” என்றாள் சுபைறா. புருஷன் பக்கம் திரும்பினாள். “இஞ்சாருங்க, விடியக் கடை திறக்கக்குள்ள மீராமுகைதீனக் கண்டா என்னண்டு சுகம் கேப்பீங்க?”

“இதென்ன கேள்வி இப்ப? ‘வீட்டுல சுகமா’ எண்டு கேப்பன்.”

“வீட்டுல எண்டா ஆரு?”

“ஆரு, அவன்ட பொஞ்சாதி…”

ஷரிபுதீன் சுபைறாவைத் திரும்பிப் பார்த்தார். மகளைப் பற்றிய கதையென்றால் மீராமுகைதீன் மகள் என்றே சொல்லியிருப்பான். இன்னொருவன் மனைவியைப் பற்றிக் கதைக்கும்போதுதான் ஊரில் ஆம்பிளைகளுக்குப் பேரும் முறையும் மறந்து, வாயில் ‘வீட்டுல’ வந்து நிற்கும்.

சுபைறா முந்தானைக்குள் மறைத்து வைத்திருந்த வலக்கையை வெளியே எடுத்தாள். மணிக்கட்டு வீங்கியிருந்தது.

“பழகிறதுக்கு ஆள் இல்லாம இவள் ஒவ்வொரு நாளும் என்ட கையத்தான் திருகின. நானும் பழகிட்டன். இண்டைக்கு அவள் கை எடுக்க முந்தி என்ட கை போயிட்டு,” என்றாள் சுபைறா. “ஆனா ஒலுவிலுக்கு நான் போக ஏலா, இது என்ட வாப்பா எனக்குச் சீதனமாத் தந்த வளவு. சத்தியம் பண்ணினது நீங்க, வேணுமெண்டா நீங்க போய் ராத்தா வீட்டுல ரெண்டு நாள் இரிந்திட்டு வாங்க. தேத்தண்ணி ஆறுது, முதல்ல அதக் குடிங்க.”