மூக்கர் சொன்னால் சரி

அத்தர் ஆலையில் கேஸ் கசிந்ததும் எல்லோரும் ரோஜாத் தோட்டத்துக்குள் ஓடிப்போய் நின்றார்கள். குழாயை மூடி, கதவு ஜன்னலைத் திறந்துபோட்டு ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. விடியலில் பறித்த பூவெல்லாம் கூடை கூடையாகக் காத்துக்கிடந்தது. வெயில் ஏறினால் அதன் வாசனை போய்விடும்.

"மூக்கரே, உள்ளே போய் மோந்து பாருங்க," என்றார் முதலாளி. "நீங்க சரின்னு சொன்னா அடுப்பைப் பத்த வைச்சிடலாம்."

இருபது வருடமாக அந்த ஆலையின் அத்தரை முகர்ந்து தரம் பிரிப்பவர் அவர். மூக்கர் என்பது அதனால் வந்த பட்டப்பெயர்.

உள்ளே போனவர் உடனே வாசலுக்கு வந்தார். "சுத்தமாப் போயிருச்சு. ஆனா யாரும் கிட்ட வராதீங்க. அடுப்பை நானே பத்த வைக்கிறேன்."

"பெரிய மனசுய்யா உங்களுக்கு," என்றார் முதலாளி.

பூப் பறிக்க வந்திருந்த மூக்கரின் மனைவிக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. வீட்டில் அடுப்புப் பக்கமே எட்டிப் பார்க்காத மனுஷனாயிற்றே! பின்னாலேயே ஓடினாள். அவளைத் தடுக்க முதலாளியும் ஓடினார்.

மூக்கர் தீப்பெட்டியோடு அடுப்பின் முன் குனிந்திருந்தார். குச்சியை எடுத்தவர் இன்னும் உரசவில்லை.

"ஐயோ, குச்சியைக் கீழே போடுங்க! கேஸ் நாத்தம் குடலைப் புரட்டுது. உங்களுக்குத் தெரியலையா?"

மூக்கர் திரும்பி அவளைப் பார்த்தார். வாசலில் உறைந்து நின்ற முதலாளியையும் பார்த்தார். உரசாத குச்சி கையிலிருந்து நழுவியது.

"தெரியலை," என்றார். "ஆறு மாசமா எனக்கு எந்த வாசனையும் தெரியலை."